எமோசி கொடுத்துவிட்ட மெமரி

எங்கள் லெவுக்காவில் யாருக்கு எது வேண்டுமென்றாலும் முதலில் என் புருஷன் எமோசியைத்தான் தேடி வருவார்கள். அவர் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர் என்பதால் இல்லை. இல்லையென்று சொல்லத் தெரியாதவர் என்பதால். கேட்டால் கொடுப்பது இந்தத் தீவில் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். "கெரெகெரே" என்று சொல்லி ஒருத்தர் கை நீட்டினால் மறுப்பது மரியாதை இல்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது அதைவிட மரியாதைக்கேடு. ஆனாலும் மற்றவர்கள் நல்ல சட்டையை மறைத்து வைத்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார்கள். இவர் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போய்த் திறப்பார்.

ஒருநாள் மீன் பிடிக்கப் போனவர் தூண்டில் இல்லாமல் திரும்பி வந்தார்.

"தூண்டில்தான் போச்சு, மீனாவது எங்கே?" என்றேன்.

"அதையும் கேட்டாங்க, கெலெரா."

"உங்களைக் கேக்கலையா? அப்படியே கூட்டிட்டுப் போயிருக்கலாமே!"

சிரித்தார். அதுதான் எனக்கு ஆகாது. நான் கத்துவேன், அவர் சிரிப்பார். கத்துகிறவளுக்குத் தொண்டை வலிக்கும், சிரிக்கிறவருக்கு என்ன வலிக்கப்போகிறது?

கல்யாணமான புதிதில் அவர் மீன் ஆலையில் டப்பா மூடுகிற இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆலை ஆபீசில் பழைய கம்ப்யூட்டர்களைக் குப்பையில் போட்டபோது ஒவ்வொன்றாக வீட்டுக்குத் தூக்கி வந்தார். சாப்பாட்டு மேசை முழுவதும் கம்பியும் தகடும். நாங்கள் தரையில் பாய் விரித்து மரவள்ளிக்கிழங்கும் மீனும் சாப்பிட்டோம். செத்துப்போன மூன்று பெட்டியிலிருந்து உயிருள்ள ஒன்றைச் செய்துவிட்டார். பிறகு ஆலை வேலையை விட்டுவிட்டுக் கடற்கரைத் தெருவில் ஒரு பழைய பேக்கரியின் பக்கத்து அறையில் கடை போட்டார். மழை வந்தால் அந்தச் சுவரிலிருந்து இப்போதும் ஈஸ்ட் வாசனை வரும்.

கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. பழுது பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் உட்கார்ந்து பேச வந்தவர்கள். மீதிப்பேர் திருப்புளி கேட்க வந்தவர்கள்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். லவேனியா பிறக்கும் வரைக்கும்.

லவேனியா எங்கள் ஒரே மகள். அவளுக்குக் காது கேட்காது. அவள் படிக்கிற மாதிரியான பள்ளிக்கூடம் கடல் தாண்டித் தலைநகரம் சுவாவில்தான் இருக்கிறது. ஆறு வயதில் அங்கே விடுதியில் கொண்டுபோய் விட்டோம். விடுமுறைக்கு வருவாள், போவாள். நடுவில் நாங்கள் எப்போதாவது படகேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். விரலாலேயே அவள் பேசுகிற பேச்சு எனக்குப் பாதிதான் புரியும். ஒவ்வொரு விடுமுறைக்கும் அவள் புதிதாக நிறைய விரல்பேச்சு கற்றுக்கொண்டு வந்தாள். நானோ அவள் போன விடுமுறையில் சொன்னதைத்தான் இன்னும் பழகிக்கொண்டிருந்தேன். என் பிள்ளை என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சுவாவில் ஒரு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று செய்தி வந்தது. எமோசி விண்ணப்பம் போட்டார். கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு நேர்காணல். ஆனால் சுவாவுக்குப் போகிற எங்கள் ஊர்ப் படகு அந்த வாரம் இன்ஜின் கெட்டுக் கரையில் ஏறிக் கிடந்தது. பரவாயில்லை, கம்ப்யூட்டரிலேயே முகம் பார்த்துப் பேசிவிடலாம் என்றார்கள். இது கிடைத்தால் நாங்கள் சுவாவுக்குக் குடிபோகலாம், லவேனியா எங்களோடு இருப்பாள். எனக்கு அதற்கு மேல் எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரோ கிழடு. முகம் பார்த்துப் பேச ஆரம்பித்தால் இரண்டு வார்த்தைக்குள் படம் உறைந்துபோகும். மெமரி போதவில்லை என்று எமோசி சொன்னார். உள்ளே மெமரி செருகுகிற இடம் இரண்டு. அதில் ஒன்றை உப்புக் காற்று என்றைக்கோ தின்றுவிட்டது. இருக்கிற ஒன்றில் பழைய சின்ன மெமரியை எடுத்துவிட்டுப் பெரியதைப் போட வேண்டும். பிரிஸ்பேனில் இருக்கிற கொழுந்தனுக்குச் சொல்லி வாங்கிய புத்தம்புதிய மெமரி, மீன் ஆலைக்கு வந்த சரக்குக் கப்பலில் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. சீப்பை விடக் கொஞ்சம் சின்னதாக, ஓரத்தில் தங்கப் பல்லோடு பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பழையதைக் கழற்றினார், புதியதைச் செருகினார், இரண்டு பக்கமும் கொக்கி 'டக்'கென்று விழுந்தது. பொத்தானை அழுத்தப் போனார். தெரு முழுக்க மின்சாரம் போனது.

அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றான் வைசாலே.

வைசாலே என் நாத்தனார் மகன். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். ரக்பியில் முன்வரிசையில் முட்டுகிறவன், கதவு நிறைய நிற்பான். எங்கள் வழக்கத்தில் அக்கா தங்கை பிள்ளைக்குத் தாய்மாமன் வீட்டில் இருப்பதெல்லாம் உரிமை. அவன் கேட்கவே வேண்டாம், எடுத்துக்கொண்டு போகலாம். இவன் கேட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போகிற நல்லவன்.

"மாமா, மேசை மேல இது சும்மாதானே கிடக்கு?" என்றான், பழைய மெமரியைக் காட்டி.

"சும்மாதான். புதுசு போட்டாச்சு."

"எங்க வீட்டுப் பெட்டிக்கு ஆகுமா?"

"போட்டுப் பாரேன்."

நான் அடுப்படியில் இருந்தேன். வெளியே வருவதற்குள் அவன் தெரு முனையைத் தாண்டிவிட்டான். மின்சாரம் திரும்பி வர நடு ராத்திரி ஆனது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தேவாலயம், அடுப்புக்குழி விருந்து, தூக்கம். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஆணி கூட அடிக்க மாட்டோம், கம்ப்யூட்டரையா பிரிப்போம்?

திங்கட்கிழமை காலையில் டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு எமோசி பொத்தானை அழுத்தினார். விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளேயிருந்து 'பீம்... பீம்... பீம்...' என்று நீளமாக ஒரு சத்தம்.

"என்ன சொல்லுது அது?"

"மெமரியைக் காணோம்னு சொல்லுது."

"கண்ணு முன்னாலதானே வச்சிருக்கீங்க!"

"எனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியலை."

கழற்றிச் செருகினார். அதே சத்தம். லவேனியாவின் அழி ரப்பரை எடுத்து அந்தத் தங்கப் பல்லை மெதுவாகத் தேய்த்தார். அதே சத்தம். பிரஷ்ஷால் இடுக்கைத் துடைத்தார். உள்ளே இருக்கிற சின்ன வட்ட பேட்டரியைக் கழற்றிவைத்துவிட்டு, ஒரு டீ குடிக்கிற நேரம் கழித்துத் திரும்பப் போட்டார். செத்துப்போன அந்த இன்னொரு இடத்திலும் செருகிப் பார்த்தார், நப்பாசைதான். பீம், பீம், பீம். பக்கத்து வீட்டு நாய் பதில் குரைக்க ஆரம்பித்தது.

பிறகு புதிய மெமரியை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினார். ஒரு வாடிக்கையாளரின் பெட்டியில் போட்டதும் அது 'நான் மெமரி, இதோ இருக்கிறேன்' என்று காட்டிக்கொண்டதாம். அந்தப் பெட்டிக்கு வேறு வியாதி, அதனால் அதில் பேச முடியாது. கடையில் இருந்த எல்லாப் பெட்டியும் அப்படித்தான். அடுத்தவர் பெட்டியில் இருக்கிற மெமரியைக் கழற்றி எடுத்துவர இவர் மாட்டார். ஓடுகிற கம்ப்யூட்டரை யார் பழுதுபார்க்கிற கடையில் விட்டுவைப்பார்கள்?

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "மெமரி நல்லாத்தான் இருக்கு. நம்ம பெட்டி ரொம்பப் பழசு, கெலெரா. இவ்வளவு பெரிய மெமரியை அதுக்குப் புரிஞ்சுக்க முடியலை. பழைய மெமரியைப் போட்டா ஓடிரும். படம் நின்னு நின்னு வந்தாலும் முகமாவது தெரியும்."

"சரி, பழசைப் போடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று கத்தினேன். "புதுசு ஓடுதான்னு பாக்காம பழசைத் தூக்கிக் குடுப்பாங்களா யாராவது? ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு சொல்லுவாங்க. நீங்க ஆத்தையே தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கிறீங்க! ஊர்ல எல்லாருக்கும் பழுது பாக்கிற ஆளுக்கு இது தெரியாதா?"

"தெரியும்," என்றார். "எல்லாருக்கும் அதைத்தான் சொல்லுவேன். ஓடுற வரைக்கும் பழசைப் பத்திரமா வையுங்கன்னு."

"அப்புறம்?"

"வைசாலே கேட்டான்."

சிரிக்கவில்லை அவர் அன்றைக்கு. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பாதியாகக் குறைந்தது. அவர் போய்க் கேட்க மாட்டார், செத்தாலும் மாட்டார் என்று தெரியும். குடையை எடுத்துக்கொண்டு நான் கிளம்பினேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது, சரி. புதிதாகக் கெரெகெரே கேட்கலாம் இல்லையா? என் வாய்க்கு அந்த ஊரில் யார் மறுக்கப்போகிறார்கள்?

வைசாலே வீட்டு வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க அத்தை! என்ன முகம் இப்படி இருக்கு, மாமாவை யாராவது கேட்டு வாங்கிட்டாங்களா?"

"வாயை மூடுடா தடியா. அந்த மெமரி எங்கே?"

"அதா? நம்ம பெட்டியில அது நுழையவே இல்லை அத்தை, நடுவுல இருக்கிற வெட்டு இடம் மாறியிருக்கு. நேத்து விருந்துக்கு வந்த மைகா பாத்தான், கேட்டான், குடுத்துட்டேன்."

"ஒரு ராத்திரி கூட உன் வீட்ல தங்கலையா அது?"

"தங்குச்சு அத்தை. சனிக்கிழமை ராத்திரி நல்லாத் தங்குச்சு."

தேங்காயை எடுத்து அவன் தலையில் போட்டிருப்பேன். தேங்காய்தான் வீணாகும்.

மைகா மீன் ஆலையில் வேலை செய்கிறவன். ஆலை வாசலில் ஆளனுப்பிக் கூப்பிட்டேன். வெள்ளைத் தொப்பியும் ரப்பர் பூட்ஸுமாக ஓடி வந்தான், மீன் வாடை அவனுக்கு முன்னால் வந்தது.

"அக்கா, அது என்கிட்ட இல்லையே. காலையில வேலைக்கு வர்றப்பதான் இலிசபெத்தி பெரியம்மா வீட்ல போட்டுக் குடுத்துட்டு வர்றேன். அவங்க கம்ப்யூட்டர் மூச்சு வாங்கிட்டே கிடந்துச்சு. இப்ப ஜம்முனு ஓடுது."

"ஜம்முனு ஓடுதா?"

"சூப்பரா ஓடுது அக்கா!" என்றான், நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்து.

இலிசபெத்தி பெரியம்மா வீடு மேட்டில் இருக்கிறது. படியேறும்போதே மனசுக்குள் பேசி வைத்துக்கொண்டேன். 'பெரியம்மா, கெரெகெரே. ஒரு மணி நேரத்துக்கு அந்த மெமரியைக் குடுங்க. என் பிள்ளை விஷயம்.' அவ்வளவுதான். அவர்கள் மறுக்க மாட்டார்கள். மறுக்க முடியாது. மெமரியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கி ஓடினால் இரண்டு மணிக்குள் வீட்டில் இருப்பேன்.

வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே புதுப்பாய் விரித்து அக்கம்பக்கத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெரியம்மா, ஞாயிற்றுக்கிழமைக்கு உடுத்துகிற நீலப் பூப்போட்ட உடுப்பில், தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு, கம்ப்யூட்டருக்கு முன்னால் தேவாலயத்தில் இருப்பதுபோல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

அவருடைய மகன் தெவீதா சிப்பாய். அமைதிப்படையில் பாலைவனத்துப் பக்கம் போயிருந்தான். அங்கே ஒரு வண்டி வெடித்து அவன் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தது ஊருக்கெல்லாம் தெரியும். ஒன்றுமில்லை அம்மா, நன்றாக இருக்கிறேன் என்று ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தான். பெரியம்மா நம்பவில்லை. எங்கள் கையில் அப்போது இருந்த ஃபோன்களில் குரல்தான் வரும், முகம் வராது. கம்ப்யூட்டரில் பார்க்கலாம் என்றால் இத்தனை நாளும் அது உறைந்து உறைந்து நின்றது.

"வாம்மா கெலெரா, நல்ல நேரத்துல வந்தே," என்று என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். "இன்னைக்குத்தான் அவனுக்கு நேரம் குடுத்திருக்காங்க. ஒன்றரைக்கு மேல வருவான்."

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் திரையில் தெவீதாவின் முகம் வந்தது. இளைத்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. பெண்கள் எல்லோரும் ஒரே சத்தமாகக் கூவினார்கள். பெரியம்மா கூவவில்லை.

"கையைக் காட்டு," என்றார்.

"அம்மா, எப்படி இருக்கீங்க?"

"கையைக் காட்டுடா."

அவன் வலது கையைத் தூக்கினான்.

"இன்னொண்ணு."

இடது கையைத் தூக்கினான். கட்டுப் போட்டிருந்தது, ஆனால் விரல்கள் இருந்தன. மடக்கிக் காட்டினான்.

"எந்திரிச்சு நில்லு. நடந்து காட்டு."

அவன் சிரித்துக்கொண்டே எழுந்து, அந்தச் சின்ன அறையில் நாலடி நடந்து, திரும்பி நடந்து வந்தான். பெரியம்மா அப்போதுதான் அழ ஆரம்பித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. அழுதுகொண்டே எனக்குக் கோபம் வேறு. யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரியம்மா என் பக்கம் திரும்பினார். "நீ எதுக்கோ வந்தியேம்மா. மூச்சு வாங்க ஏறி வந்திருக்கே. என்ன வேணும், கேளு."

கேட்டால், மகன் இன்னும் திரையில் இருக்கும்போதே எழுந்துபோய் அந்தப் பெட்டியை அணைத்துக் கொடுத்துவிடுவார். அவருக்கு இல்லையென்று சொல்கிற வழியே கிடையாது. அந்த வழி என் கையில்தான் இருந்தது, கேட்காமல் இருப்பது. கேட்கிற உரிமையைப் பற்றி ஊரில் நிறையப் பேசுவோம். இதைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"கொஞ்சம் உப்பு வேணும் பெரியம்மா," என்றேன்.

"உப்பா? இதுக்கா மேடேறி வந்தே?" என்று ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

கடலைச் சுற்றி வைத்துக்கொண்டு உப்புக்கு மேடேறிய பைத்தியக்காரி நான் ஒருத்திதான்.

வீட்டுக்குள் நுழையும்போது தேவாலய மணி இரண்டு அடித்தது. எங்கள் ஊர்க் கடிகாரம் ஒரே மணியைச் சற்றுப் பொறுத்து இன்னொரு தரம் அடிக்கும். இரண்டாம் தடவை அடிப்பதற்குள் எமோசி கேட்டார், "மெமரி?"

"உப்பு," என்று பொட்டலத்தை நீட்டினேன். தெவீதாவைச் சொன்னேன். கைகளைச் சொன்னேன்.

அவர் பொட்டலத்தை வாங்கி மேசையில் வைத்தார். "ரெண்டு கையும் இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"நல்லதாப் போச்சு," என்றார். பிறகு ஃபோனை எடுத்து ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தி, நானும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார்.

நேர்காணலுக்குத் தலைவி ராம்ரத்தி மேடம் என்று ஒருவர். குரலே கறாராக இருந்தது. "முகம் தெரியலையே, மிஸ்டர் எமோசி?"

"கம்ப்யூட்டர் ஓடலை மேடம்."

அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். "கம்ப்யூட்டர் பாத்துக்கிற வேலைக்கு வர்றவருக்குக் கம்ப்யூட்டர் ஓடலையா? என்ன ஆச்சு, சொல்லுங்க."

சொன்னார். ஒன்றையும் விடாமல், அழி ரப்பர், பேட்டரி, நாய் குரைத்தது வரைக்கும். நடுநடுவே அவர்கள் கேள்வி கேட்டார்கள், இவர் பதில் சொன்னார். எனக்குப் புரியாத பேச்சு. கடைசியில் அந்தம்மா, "கண்டுபிடிச்சது சரி. பழைய மெமரி எங்கே?" என்றார்.

"குடுத்துட்டேன்."

"புதுசு ஓடுதான்னு பாக்காமயா?"

"அக்கா மகன் கேட்டான் மேடம்."

அங்கே இருந்த வேறு யாரோ ஓர் ஆண், "தாய்மாமன் பாவம்!" என்றார். மறுபடி சிரிப்பு. ராம்ரத்தி மேடம் சிரிக்கவில்லை.

"மிஸ்டர் எமோசி, இங்கே வார்டு முழுக்கக் கம்ப்யூட்டர். உங்க சொந்தக்காரங்க பாதிப்பேர் சுவாவுலதான் இருப்பாங்க. நாளைக்கு ஒருத்தர் வந்து, மாமா, அதைக் குடுன்னா? குடுத்துருவீங்களா?"

கேள்வி நியாயமான கேள்வி. நானே எத்தனையோ தடவை கேட்ட கேள்வி. எமோசி ஃபோனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"என்னோடதைக் கேட்டாக் குடுப்பேன் மேடம். அதை மாத்திக்க என்னால முடியாது," என்றார். "ஆஸ்பத்திரியோடது என்னோடது இல்லையே. நோயாளியோடது. அவங்ககிட்ட கேக்காம நான் எப்படிக் குடுக்கிறது? எங்க ஊர்லயும் அடுத்தவன் பொருளை எடுத்துத் தானம் பண்ண மாட்டோம்."

அந்தப் பக்கம் பேனா கிறுக்குகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தம்மா, "சரி, தகவல் சொல்றோம்," என்று வைத்துவிட்டார்.

தகவல் வரும்வரை நான் சாமான்களைத் தேய்த்துத் தேய்த்தே ஓட்டையாக்கினேன். வேலை கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்தது. எமோசி ஊரெல்லாம் போய்ச் சொன்னார். திரும்பி வரும்போது பெல்ட் இல்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சுவாவில் மலைச்சரிவில் ஓர் அறையும் அடுப்படியுமாக வீடு பார்த்தோம். மூட்டை முடிச்சை இறக்கிப் போட்டுவிட்டு அன்று சாயங்காலமே விடுதிக்குப் போனோம். லவேனியா மற்றப் பிள்ளைகளோடு வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தாள், ஓடி வரவில்லை. நாங்கள் எப்போது போனாலும் அவள் முதலில் கேட்பது ஒன்றுதான். இரண்டு உள்ளங்கையையும் குவித்துப் படகு மாதிரி முன்னால் தள்ளிவிட்டு, புருவத்தைத் தூக்குவாள். திரும்பிப் போகிற படகு எப்போது? அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எங்களிடம் ஒட்டுவாள்.

அன்றும் கேட்டாள்.

எமோசி அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவளைப் போலவே கைகளைக் குவித்துப் படகு காட்டினார். பிறகு கைகளை விரித்து, தலையை ஆட்டினார். படகு இல்லை.

அவள் நம்பவில்லை. அப்பா யாருக்கும் எதையும் இல்லையென்று சொன்னதை அவள் பார்த்ததே கிடையாது. என்னைப் பார்த்தாள். நானும் அதையே காட்டினேன். படகு இல்லை, இனிமேல் இல்லை.

சட்டென்று திரும்பி உள்ளே ஓடிவிட்டாள். ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் வந்தாள், தன் தலையணையை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு.